பிரிபுனல் கற்பித்த பாடம்

நான் செய்த ஒரு பிழையைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். பிழை சிறிது, அதனால் பெற்ற பாடம் பெரிது. அப்பாடம் ஆராய்ச்சிக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்காமல் நம் சங்கத்தின் வாசல் வரை வருகிறது என்று எண்ணுவதால்தான் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

ஒரு மரப்பட்டையின் சாற்றை மூன்று வாரம் பாடுபட்டுத் தயாரித்திருந்தேன். நீரில் கரைந்திருந்த பொருளை ஈதருக்கு மாற்றிப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிபுனலில் 100 மில்லிலிட்டர் சாறு; கையில் 100 மில்லிலிட்டர் ஈதர். ஈதர் முழுவதையும் ஒரேயடியாகக் கவிழ்த்தேன், குலுக்கினேன், நீரும் ஈதரும் கீழும் மேலுமாகப் பிரிந்து நின்றதும், திருகைத் திறந்து கீழிருந்த நீரைக் கழிவுக் கலத்தில் விட்டேன். வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன். ஈதரை ஆவியாக்கி, எஞ்சியதை நிறுத்துப் பார்த்தபோது நெஞ்சு பகீரென்றது. வரவேண்டியதில் முக்கால் பங்குதான் வந்திருந்தது. மற்றக் கால் பங்கு ஊரிலுள்ள கழிவுகளோடெல்லாம் கலந்து, மீட்க வழியில்லாமல் போய்விட்டது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதிய உதவியாளர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரைத் 'தாதா' என்று அழைப்போம். வங்காளத்தில் அதற்கு அண்ணன் என்பது பொருள். கல்லூரியின் படி மிதித்துப் படித்தவர் அல்லர் அவர். புனலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒல்போ ஒல்போ கொரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றியிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏன் தெரியுமா? அவர் ஒரே தொடரில் சொன்னதை, நான் இளங்கலைத் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். கரைப்பானைப் பல பங்காகப் பிரித்துப் பலமுறை பயன்படுத்தினால் மிகுதியாகப் பொருள் கிடைக்கும் என்பதைச் சமன்பாடு எழுதி நிறுவியவன். ஏட்டிலிருந்த அறிவு கைக்கு இறங்கவில்லை!

குழம்புச் சட்டியில் ஒரு விதி

வேதியியல் படிக்காத நண்பர்களுக்காக அந்த விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மீன் குழம்பு போதும். நம் ஊர் மீன் குழம்பானாலும் வங்காளத்து மீன் குழம்பானாலும், கொதித்து இறக்கியபின் மேலே எண்ணெய் மிதக்கிறது. அந்த எண்ணெய் செக்கச் செவேலென்று இருக்கும். மிளகாயின் செந்நிறம் எண்ணெயை நாடி அதில் குடியேறிவிடுகிறது. உப்போ எண்ணெய்ப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. புளிப்பும் பெரும்பாலும் கீழே நீரிலேயே தங்கிவிடுகிறது. ஒன்றோடொன்று கலவாத இரண்டு நீர்மங்கள் ஒரே கலத்தில் இருந்தால், ஒவ்வொரு பொருளும் தன் இயல்புக்கு ஏற்ப இரண்டிலும் பங்கிட்டு அமர்கிறது.

இந்தப் பங்கீட்டுக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை 1872-இல் பெர்த்தலோ, யுங்ஃபிளைஷ் என்ற இரு பிரெஞ்சு வேதியியலார் காட்டினர். வெப்பநிலை மாறாதிருக்குமானால், கரைபொருளை எவ்வளவு இட்டாலும், இரண்டு நீர்மங்களிலும் அதன் செறிவுகளுக்கு இடையேயுள்ள விகிதம் மாறுவதில்லை. கரைசல் மிகவும் செறிந்துவிடாத வரை இது பொருந்தும். 1891-இல் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானியர் இதற்கு இன்னொரு நிபந்தனையைத் தெளிவாக்கினார்: பொருள் இரண்டு பக்கமும் ஒரே மூலக்கூறு வடிவில் இருக்கவேண்டும். பென்சாயிக் அமிலம் நீரில் தனித்தனி மூலக்கூறாக இருக்கிறது. பென்சீனில் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொள்கிறது. அங்கே எளிய விகிதம் செல்லாது. கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பங்கீடு என்றவுடன் சமபங்கு என்று எண்ணிவிடக் கூடாது. இது பங்காளிகள் நிலத்தை அளந்து பிரிக்கும் பங்கீடு அன்று. ஒரு பக்கம் மூன்று பங்கும் மறு பக்கம் ஒரு பங்குமாக இருக்கலாம்; நூறும் ஒன்றுமாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விகிதம் என்று ஒன்று இருக்கும் வரையில், எந்தப் பக்கமும் முற்றிலும் வெறுமையாகிவிடாது. எவ்வளவு நேரம் குலுக்கினாலும் சரி, எவ்வளவு வலிமையாகக் குலுக்கினாலும் சரி, ஒரு பகுதி பழைய இடத்திலேயே நிற்கும். வலிமையாகக் குலுக்கினால் வேறொரு தொல்லையும் வரும்: இரண்டும் மோர் போலக் கலங்கி, மணிக்கணக்கில் பிரியாமல் நிற்கும்.

ஒரு சிறு கணக்கு

என் புனலில் நடந்ததைக் கணக்காகப் பார்ப்போம். ஈதரில் செறிவு 3 என்றால் நீரில் 1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 100 மில்லிலிட்டர். ஒரேயடியாக ஊற்றினால் நான்கில் மூன்று பங்கு ஈதருக்கு வரும். 25 விழுக்காடு நீரில் தங்கும். நான் இழந்தது இதைத்தான்.

அதே 100 மில்லிலிட்டர் ஈதரை இரண்டு 50 ஆகப் பிரித்து இரு முறை பயன்படுத்தினால், நீரில் தங்குவது 16 விழுக்காடு. நான்கு 25 ஆகப் பிரித்தால், தங்குவது 11 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. பத்துப் பங்காக்கினால் 7 விழுக்காட்டை ஒட்டி வரும். ஒரு சொட்டு ஈதர்கூட மிகுதியாகச் செலவாகவில்லை. பங்கிட்ட முறை மட்டும் மாறிற்று.

அப்படியானால் ஆயிரம் பங்காகப் பிரித்தால் முழுவதும் வந்துவிடுமா? வாராது. அதே அளவு ஈதரை எண்ணிறந்த பங்குகளாக்கினாலும் 5 விழுக்காடு நீரிலேயே நிற்கும். அதற்குமேல் எடுக்க வேண்டுமானால் புதிய ஈதரைத்தான் தேடவேண்டும். ஆகவே நான்கைந்து முறை செய்து நிறுத்துவதே ஆய்வுக்கூட வழக்கம். சிறு பங்கின் ஆற்றலும் அதன் எல்லையும் இந்த ஒரே கணக்கில் விளங்குகின்றன.

நடுவட்டமும் மங்புவும்

இது ஏதோ மாணவர்களின் கண்ணாடிப் புனலில் மட்டும் செல்லும் கணக்கு என்று எண்ணவேண்டாம். தமிழ்நாட்டையும் வங்காளத்தையும் பிணைத்த ஒரு தொழிலே இதன்மேல் நடந்திருக்கிறது. நம் பாட்டன்மார் 'கொய்னா' என்று வழங்கிய காய்ச்சல் மருந்தைத்தான் சொல்கிறேன்.

ஆண்டிஸ் மலைச் சரிவுகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையில் இருப்பது கொய்னா. 1820-இல் பாரிஸில் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் அதைத் தனியே பிரித்தனர். 1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஆண்டிஸ் மலைநாடுகளுக்குச் சென்றவர்கள் விதைகளையும் நாற்றுகளையும் கொண்டுவர, உதகமண்டலத்தில் சிங்கோனா வேரூன்றிற்று. அதே பத்தாண்டுகளில் டார்ஜிலிங் மலையிலும் தோட்டம் எழுந்தது. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த தாமஸ் ஆண்டர்சன் அதற்கு முன்னின்றார். உதகையிலிருந்து சென்ற செடிகளும் அங்கே நடப்பட்டன. பின்னர் நீலகிரியில் நடுவட்டத்திலும், டார்ஜிலிங் மலையில் மங்புவிலும் அரசாங்கக் கொய்னாத் தொழிற்சாலைகள் நடந்தன. இரவீந்திரநாதர் 1938 முதல் 1940 வரை பலமுறை சென்று தங்கினாரே, அதே மங்புதான். அவரை வரவேற்ற எழுத்தாளர் மைத்ரேயி தேவியின் கணவர் மன்மோகன் சென் அந்தத் தொழிற்சாலையில் பணிபுரிந்த வேதியியலார்.

பட்டையிலிருந்து கொய்னாவை எடுப்பது எளிதாக இருக்கவில்லை. இந்தியாவில் பெரிதும் வளர்ந்த செம்பட்டைச் சிங்கோனாவில் கொய்னா குறைவு. அதன் உடன்பிறப்புகளான வேறு ஆல்கலாய்டுகள் மிகுதி. சாராயங் கொண்டு எடுக்கலாம். ஆனால் செலவு கட்டாது. 1880-களின் பிற்பகுதியில் மங்புவில் எண்ணெய் முறை கைவந்தது. பட்டையைப் பொடித்து, சுண்ணாம்பும் காரமும் சேர்ப்பார்கள். அப்போது பட்டையிலுள்ள அமிலங்களின் பிடியிலிருந்து கொய்னா விடுபடுகிறது. விடுபட்ட வடிவில் அது நீரை வெறுத்து எண்ணெயை நாடும். மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயைச் சூடாக ஊற்றிக் கலக்கினால் எண்ணெய்க்கு வந்துவிடும். இனி அதே எண்ணெயை நீர்த்த கந்தக அமிலத்தோடு கலக்குவார்கள். உடனே கொய்னா உப்பாக மாறி, எண்ணெயைக் கைவிட்டு நீருக்குப் போய்விடுகிறது. நீரை நடுநிலையாக்கிக் குளிரவிட்டால் வெண்ணிறப் படிகங்களாக இறங்குகிறது. வெறுமையான எண்ணெயோ மறுபடியும் பட்டைக்குத் திரும்புகிறது. ஒரே எண்ணெய் சிறிது சிறிதாக, மீண்டும் மீண்டும் சென்று அள்ளி வருகிறது!

இங்கே இரண்டு உண்மைகளைக் காண்கிறோம். ஒரு பொருள் எந்தப் பக்கம் சாயும் என்பது அது எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சூழலை மாற்றினால் சாய்வும் மாறும். இரண்டாவது, முழுவதையும் ஒரே முறையில் அள்ளிவிட நினைப்பவனைவிட, பலமுறை சென்று வருபவனே மிகுதியாகக் கொண்டுவருகிறான்.

எடுத்த மருந்தை மக்களிடம் சேர்த்த முறையும் அப்படியே அமைந்தது. 1892 முதல் வங்காளத்தின் அஞ்சலகங்களில் கொய்னாவைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, பொட்டலம் காலணாவுக்கு விற்றனர். தாவரத் தோட்டத்துத் தலைவர் ஜார்ஜ் கிங்கின் ஏற்பாடு அது. மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதை 1898-இல் ரொனால்டு ராஸ் பறவைகளில் நிறுவியதும் இதே கல்கத்தாவில்தான்; அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே காலணாப் பொட்டலம் கிராமத்து அஞ்சலகத்துக்குப் போய்விட்டது. பெரிய மருத்துவமனை எட்டாத ஊர்களுக்கும் ஒரு சிறு காகிதப் பொட்டலம் எட்டிற்று.

செயற்கை மருந்துகள் வந்தபின் கொய்னாத் தொழில் நலிந்துவிட்டது. ஆனால் விதி நலியவில்லை. 1971-இல் சீனத்தில் து யூயூ என்ற அம்மையார், கொதிநீரில் காய்ச்சிப் பயன் காணாத ஒரு மூலிகையைத் தாழ்ந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு எடுத்தார். அந்தச் சாற்றைக் காரக் கரைசலோடு கலந்து அமிலப் பகுதியை நீக்கினார். எஞ்சிய நடுநிலைப் பகுதி மலேரியாவை வென்றது. அவருக்கு 2015-இல் நோபெல் பரிசு கிடைத்தது. நம் கல்பாக்கத்தில், எரிந்த அணு எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரிப்பதும் கலவாத இரு நீர்மங்களின் வழியேதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டில் அருமண் தனிமங்கள் இருக்கின்றன. அவை ஒன்றுபோல் ஒன்றாகவே இருப்பதால் ஒருமுறைப் பங்கீட்டில் பிரிவது கடுகளவு. ஆகவே நூற்றுக்கணக்கான படிகளை அடுக்கிப் பிரிக்கிறார்கள். கடுகளவு வேறுபாடும் நூறு முறை திரும்பத் திரும்பச் செய்தால் மலையளவாகிவிடுகிறது.

நம் சங்கத்துக்கு வருவோம்

இனி நான் சொல்ல வந்த கருத்தைச் சொல்லுகிறேன். நாம் நம் ஈதரை ஒரேயடியாகக் கவிழ்க்கிறோம்.

சங்கத்தின் பொங்கல் விழாவை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி ஒரு மாலைப்பொழுதில் செலவாகிறது. மண்டபம், விளக்கு, ஒலிபெருக்கி, பொன்னாடை, விருந்து! அன்று கூட்டம் நிறைகிறது, உள்ளம் பூரிக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. மறுநாள்? மண்டபத்துத் தோரணம் வாடுவதற்குள் நாமும் கலைந்துவிடுகிறோம். அடுத்த பொங்கல் வரையில் சங்கம் உறங்குகிறது.

சென்ற விழாவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மேடையேறித் தமிழில் பேசினாள். லேக் மார்க்கெட் பக்கத்தில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்துப் பெண். அழகான பேச்சு, பிசிறில்லாத உச்சரிப்பு. கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. இறங்கி வந்தவளைப் பாராட்டி, அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். பேச்சு முழுவதும் வங்க எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. "தமிழ் எழுத்துத் தெரியாதா, அம்மா?" என்றேன். "யாரும் சொல்லித் தரலை, அண்ணா" என்றாள்.

வங்க எழுத்தைக் குறை சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். அவள் அதைக் கற்றிருப்பது அவளுக்குப் பெருமை. இந்த மண்ணில் வாழ்கிறவர்களுக்கு அது கடமையுங்கூட. என் கேள்வி வேறு. விழாவுக்கு முன்பு மூன்று வாரம் ஒத்திகை நடத்திய நாம், அந்த மூன்று வாரத்தை ஆண்டெங்கும் சனிக்கிழமைக்கு ஒரு மணி நேரமாகப் பங்கிட்டிருந்தால், அவள் இன்று தமிழ் நூல் ஒன்றைத் தானே எடுத்துப் படித்திருப்பாள் அல்லவா? நாம் கவிழ்த்த பெரும்பங்கு கைதட்டலை எடுத்து வந்தது. எழுத்தைப் புனலிலேயே விட்டுவிட்டது.

"மனிதர் என்ன கரைபொருளா? விழாவும் ஈதரும் ஒன்றா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூலக்கூறுக்கு மனம் இல்லை, மனிதருக்கு உண்டு. மனம் ஒன்றில் ஈடுபட ஒரு திருநாளின் எழுச்சி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விழாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கற்றல் என்பது ஒரு முறை நனைவதால் வருவதில்லை என்பதை மாணவர்களாகிய நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. தேர்வுக்கு முந்திய இரவில் ஒரு நூல் முழுவதையும் தலையில் கவிழ்த்துக்கொள்கிறோம். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் எவ்வளவு மிஞ்சுகிறது? பங்கீட்டு விதியை அப்படிப் படித்தவன்தான் கால் பங்கைக் கழிவுக் கலத்தில் ஊற்றினான்.

இன்னொரு மறுப்பும் வரும். "பத்துக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவது அற்பக் காரியம், அதற்கு ஒரு பல்கலைக்கழகச் சங்கமா?" என்பார்கள். அந்தச் சொல்லைத்தான் நான் எதிர்பார்த்தேன். தாதா சொன்ன 'ஒல்போ'வும் நாம் சொல்லும் 'அற்பமும்' ஒரே வடசொல்லின் பிள்ளைகள். வங்காளியின் நாவில் அதற்குக் கொஞ்சம் என்பதே பொருள். நம் நாவிலோ அதன்மேல் இகழ்ச்சி ஏறிவிட்டது. சிறுதுளி பெருவெள்ளம் என்று பழமொழியும் சொல்லுவோம். சிறு துளியைக் கண்டால் அற்பம் என்று ஒதுக்கவும் செய்வோம்!

ஆகவே என் யோசனை இது. விழாவுக்கு ஆகும் செலவில் பாதியை ஒதுக்குவோம். அந்தப் பாதியில் சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து வகுப்பு நடத்துவோம். ஒருவர் தலையிலேயே சுமத்தாமல், நால்வர் முறைவைத்து மாதம் ஒரு சனிக்கிழமை பொறுப்பேற்றால் யாருடைய ஆராய்ச்சியும் கெடாது. ஐந்தாம் சனிக்கிழமை வரும் மாதங்களில், புதிதாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்கு வங்காளம் கற்பிக்க ஒரு வங்க நண்பரை அழைப்போம். கடைக்காரரோடும் விடுதிச் சமையற்காரரோடும் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரியாமல் இரண்டு ஆண்டு இங்கே கழிப்பதும் ஒரு குறைதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்ப்போம். எத்தனை குழந்தைகள் ஒரு பக்கத்தைத் தாமே படிக்கிறார்கள் என்பதே நம் தராசு. எல்லாரும் கற்றுவிடுவார்கள் என்று நான் உறுதி கூறவில்லை. எவ்வளவு முயன்றாலும் 5 விழுக்காடு புனலிலேயே நிற்கும் என்று கணக்கே சொல்லிவிட்டது. 25 விழுக்காட்டை இழப்பதற்கும் 5 விழுக்காட்டை இழப்பதற்கும் உள்ள வேறுபாடு நம் கையில் இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால் குறை விதியின்மேல் இல்லை.

சென்ற வாரம் அந்தப் பட்டைச் சாற்றை மறுபடியும் முதலிலிருந்து தயாரித்தேன். இம்முறை ஈதரை நான்கு 25 ஆக அளந்து வரிசையாக வைத்துக்கொண்டேன். தாதா அவ்வழியே சென்றார், நான்கு குடுவைகளையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமான நற்சான்று.

வரும் பொதுக்குழுவில் மேற்சொன்ன யோசனையைத் தீர்மானமாக முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவரும், சனிக்கிழமைக்கு என்னோடு சேர்ந்து நால்வராக இன்னும் மூவரும் வேண்டும். யார் வருகிறீர்கள்?